தோட்டத்தில் குதிரை பழக்கக் கூரைக்களம் போட வேண்டும்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

உடுமலை_லாயம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் உடுமலைப்பேட்டைக்குப் பக்கம். அப்பாவின் தோட்டம் ஆறு ஏக்கர். நாலு ஏக்கர் தென்னை, மீதி சோளம் போடுகிற கரிசல் காடு. அந்தக் காட்டோரத்தில் லாயம் கட்டி நாலு குதிரை வைத்திருக்கிறேன். கத்தியவார் பெட்டை இரண்டு, மார்வாரி ஆண் ஒன்று, பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுத்த தரோபிரெட் ஒன்று. சனி ஞாயிறுகளில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் சவாரி கற்றுக்கொள்ள வருகிறார்கள்.

பிரச்சினை உங்களுக்கே தெரியும். வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் கண்ணில் மண்தான். பங்குனி, சித்திரையில் காலை எட்டரைக்கு மேல் வெளியில் நிற்க முடிவதில்லை. ஐப்பசி வந்துவிட்டால் கரிசல் சேறு குளம்பைப் பிடித்து இழுக்கிறது. போன வருஷம் காலண்டரில் குறித்து வைத்தேன். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 10 வரை 57 நாளில் நான் குதிரைமேல் ஏறியது 19 நாள். மார்வாரி அந்த இரண்டு மாதத்தில் கற்றதையெல்லாம் மறந்து முரடாகிவிட்டது. திரும்பப் பழக்க மாசி ஆகிவிட்டது.

அதனால் இந்த வருஷம் ஒரு ஷெட் போட்டே தீருவது என்று இருக்கிறேன். நெல் குடோன் கட்டிக் கொடுக்கும் ஒருவர் வந்து பார்த்தார். 60க்கு 100 அடி, நாலு பக்கமும் ஹாலோ பிளாக் சுவர், 12 அடி உயரத்தில் தகரக் கூரை. தரைக்கு இருக்கிற மண்ணின் மேலேயே ஒரு அடி மணல் கொட்டினால் மெத்தை மாதிரி இருக்கும் என்கிறார். சரியாக வருமா? யாராவது நம் பக்கத்தில் கட்டியிருக்கிறீர்களா? வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் பனிக்காகக் கட்டுகிறார்கள். நமக்கு வேண்டியது வேறு என்று தோன்றுகிறது. ஆனால் என்ன வேறு என்று சொல்லத் தெரியவில்லை.

அந்தியூர்ப்பக்கம்:

தம்பி, நான் ஆட்டக்குதிரை பழக்குகிறவன். முப்பது வருஷமாகக் கூரை இல்லாமல்தான் பழக்குகிறேன். விடியற்காலை நாலரைக்கு ஆரம்பித்தால் ஏழுக்குள் மூன்று குதிரை முடிந்துவிடும். வெயிலுக்கு அது போதும். மழைக்கு மட்டும்தான் உங்கள் கேள்வி என்றால், முதலில் 60 அடி விட்டத்தில் ஒரு வட்டக்களம் போட்டு, அடியில் கிராவல் இறுக்கி, தண்ணீர் நிற்காமல் பாருங்கள். நீளக் கயிறு கட்டிச் சுற்றவிட அது தாராளம். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் இறங்கலாம். பெரிய கூரை பிறகு போடலாம்.

இன்னொன்று. கூரைக்குள்ளேயே வளர்ந்த குதிரை வெளியில் மிரளும். குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குக் குதிரை கொண்டு வருகிறவர்களைக் கேளுங்கள். மேளம், கூட்டம், ராட்டினம் எல்லாம் பார்த்துப் பழகினதுதான் நிற்கும். களம் கட்டினாலும் வாரத்தில் இரண்டு நாள் வாய்க்கால் மேட்டில் நடத்துங்கள்.

ஆனைமலை_தோப்பு:

தம்பி, ஒரு அடி மணல் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

நான் ஆனைமலைக்குப் பக்கம், தோப்புக்கு நடுவே கூரைக்களம் போட்டு ஏழு வருஷம் ஆகிறது. உள்ளளவு 20க்கு 40 மீட்டர். அடிக்கணக்கில் 66க்கு 131. என் மகள் சவாரிப் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள், அவளுக்காகத்தான் ஆரம்பித்தது. தரை போட வந்தவர் எனக்கும் இதே மெத்தைக் கதைதான் சொன்னார். நான் ஆறு அங்குலம் கொட்டினேன். காலை வைத்தால் பூமாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் எங்கள் தரோபிரெட்டின் முன்னங்கால், முட்டிக்குக் கீழே பின்பக்கம், வாழைப்பூ மாதிரி வீங்கியது. தொட்டால் சூடு. டாக்டர் வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, தசைநாண் இழுபட்டிருக்கிறது என்றார். களத்துக்குள் போய்க் கையால் மணலை அளந்தார். ஆழமான மணலில் குளம்பு ஒவ்வொரு அடிக்கும் புதைந்து, அதைப் பிடுங்கி எடுக்க அந்த நாண்தான் பாடுபடுகிறது என்று விளக்கினார். நாம் கடற்கரையில் ஓடினால் கெண்டைக்கால் வலிக்கிறதே, அதுதான். எட்டு மாதம் அந்தக் குதிரை லாயத்தை விட்டுக் கையில் பிடித்து நடத்துவதற்கு மட்டும்தான் வெளியே வந்தது. பழைய ஓட்டம் அதற்குத் திரும்பவே இல்லை. உங்களிடமும் ஒரு தரோபிரெட் இருக்கிறது. பந்தயத்தில் ஏற்கெனவே கால் தேய்ந்துதான் நம்மிடம் வருகிறது, அதை மறந்துவிடாதீர்கள்.

மேல்மணல் இரண்டு அங்குலத்தில் ஆரம்பியுங்கள். ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். தேவை என்றால் அரை அங்குலம் சேருங்கள். மூன்றைத் தாண்ட வேண்டாம். சேர்ப்பது ஒரு டிராக்டர் வேலை, எடுப்பது ஒரு வாரத்து ஆள்கூலி. நான் எடுத்தவள், அதனால் சொல்கிறேன். உங்கள் 60க்கு 100க்கு ஒரு அடி என்றால் 60 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மணல் ஆகிறது. மூன்று அங்குலத்துக்கு 15 யூனிட் போதும். மிச்சக் காசை மணலுக்கு அடியில் போடுங்கள். குதிரையைத் தாங்குவது அந்த அடித்தளம்தான். நன்றாக இறுக்கிய, குளம்பு ஊடுருவாத அடித்தளம் இல்லாமல் கரிசல்மேல் மணல் கொட்டினால், ஒரே மழைக்காலத்தில் மணல் கீழே போய்ச் சேறு மேலே வரும்.

எந்த மணல் என்று அடுத்து கேட்பீர்கள். ஆற்று மணல் உருண்டை. குளம்புக்கு அடியில் கேழ்வரகைக் கொட்டினது போல உருளும், பிடிமானம் இல்லை. கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் கோணல்மாணலாக இருப்பதால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ஆனால் கழுவிய எம்-சாண்ட் என்று கேட்டு வாங்குங்கள். கழுவாததில் கல்மாவு அப்படியே இருக்கும். ஒரு பாட்டிலில் பாதி மணலும் மீதித் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் மணல்மேல் பால் கட்டியது போல எவ்வளவு தடிமனில் மாவு படிந்திருக்கிறதோ அவ்வளவும் நாளைக்கு உங்கள் பிள்ளைகளின் மூக்கில் போகப்போகிற தூசி. நான் மூன்று கிரஷரில் மாதிரி வாங்கி, சமையலறை ஜன்னலில் மூன்று பாட்டில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன். கடல் மணலை யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். அதன் உப்பு இரும்புத் தூணை அடியிலிருந்து தின்னும்.

தூசிக்குத் தண்ணீர்தான் மருந்து. 800 சதுர மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் நனைக்க 2,400 லிட்டர் வேண்டும். கோடையில் அது ஒரு நாள் கணக்கு. அதைக் குறைக்க நான் தென்னை நாரைச் சின்னதாக வெட்டி மணலில் கலந்தேன். பொள்ளாச்சிப் பக்கம் இருந்துகொண்டு நாருக்குப் பஞ்சமா? மணலைப் பின்னிப் பிடித்துக்கொள்கிறது, ஈரமும் நிற்கிறது. இரண்டு வருஷத்தில் மக்கிவிடும், மறுபடி சேர்க்க வேண்டும். நார்க்கழிவுத் தூளும் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். ஈரம் நன்றாகப் பிடித்தது, ஆனால் அளவு கூடினதும் வழுக்கியது. காய்ந்தால் அதுவே தூசி. நார் மட்டும் போதும். தண்ணீரை இரவில் விடுங்கள், காலைக்குள் கீழே இறங்கிச் சமமாகிவிடும்.

சரி, சுவர். நீங்களே சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள், நமக்கு வேண்டியது வேறுதான். பனி ஊரில் காற்றை வெளியே நிறுத்த வேண்டும். நாம் காற்றை உள்ளே விட வேண்டும். நாலு பக்கமும் ஹாலோ பிளாக் எழுப்பித் தகரம் போட்டால் சித்திரையில் அது செங்கல் சூளை. நமக்குத் தேவை கூரை. சுவர் வேண்டிய இடத்தில் மட்டும். என் களம் கிழக்கு மேற்காக நீளம். வடக்கும் தெற்கும் திறந்தே இருக்கிறது. காலை, மாலைச் சாய்வெயில் குறுகிய பக்கத்தில் மட்டும்தான் விழும். உங்களுக்குக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வருவதால் மேற்குப் பக்கத்தை மட்டும் முழுக்க அடையுங்கள். வடகிழக்கு மழை சாய்ந்தடிக்கும் என்பதால் வடக்கே கூரையை ஐந்து அடி வெளியே இழுங்கள், கிழக்கே பாதி உயரத்துக்குத் தடுப்பு வையுங்கள். மற்ற இடம் எல்லாம் திறப்பு.

ஆனால் திறந்த பக்கங்களில் உட்புறமாக நாலரை அடி உயரத்துக்குப் பலகை கட்டாயம் வேண்டும். இங்கேதான் நான் இரண்டாவது தப்புச் செய்தேன். பலகை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தூண்களை அப்படியே விட்டிருந்தேன். அந்த வருஷம் ஐப்பசி முதல் மழை. வெறும் தகரத்தில் மழை விழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாமந்தி என்று ஒரு பெட்டை, சாதுவான சாது. அது மிரண்டு ஒரே பாய்ச்சலாகத் தூண் ஓரமாக ஓடியது. மேலே இருந்த என் மகளின் முழங்கால் தூணில் இடித்து எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. அவள் கத்தின சத்தம்கூட மழையில் எனக்குக் கேட்கவில்லை. குதிரை தனியாக வாசலுக்கு வந்தபோதுதான் ஓடினேன்.

அதற்குப் பிறகு வைத்த பலகையைத்தான் இப்போது பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் காட்டுகிறேன். பலகை நேராக நிற்கக் கூடாது. அடிப்பக்கம் களத்துக்குள் தள்ளி, மேல்பக்கம் வெளியே சாய்ந்திருக்க வேண்டும், பத்துப் பதினைந்து டிகிரி. அப்போது குதிரையின் குளம்பு சுவரை ஒட்ட முடியாது, மேலே இருக்கிறவரின் முழங்காலுக்கு இடம் கிடைக்கும். நான் முற்றிய தென்னம்பலகை போட்டேன். ஆணித்தலை ஒன்றும் உள்ளே நீட்டக் கூடாது. தூண் முழுக்கப் பலகைக்குப் பின்னால் மறைந்துவிட வேண்டும். இந்தச் சாய்வு இரண்டு பக்கமும் இடம் எடுக்கும், அதனால் உள்ளே 20 மீட்டர் கிடைக்க வெளித்தூண்களை இன்னும் தள்ளி நட வேண்டும். கட்டுகிறவரிடம் உள்ளளவு என்று அடித்துச் சொல்லுங்கள்.

கூரைக்கு அடியில் நுரை ஒட்டிய தகடு போட்டேன். சூடும் குறைந்தது, மழைச் சத்தமும் பாதிக்குக் கீழே வந்தது. தென்னந்தடுக்கு கட்டலாம் என்று பலர் சொன்னார்கள். மின்கம்பி ஓடுகிற இடத்தில் கீற்று வேண்டவே வேண்டாம். அதே காரணத்துக்காக வைக்கோலும் தீவனமும் களத்துக்குள் அடுக்காதீர்கள். கூரையில் வெளிச்சத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவான தகடு போடுகிறேன் என்பார்கள், அதையும் மறுத்துவிடுங்கள். தரையில் வெயில் பட்டை பட்டையாக விழும். குதிரைக்கு அது பள்ளம். தாண்டும், இல்லாவிட்டால் நின்றுவிடும். பக்கம் திறந்திருக்கும்போது வெளிச்சத்துக்குக் குறையே இல்லை.

12 அடி உயரம் போதவே போதாது. ஒரு குதிரை பின்னங்காலில் எழுந்தால் ஏறியிருக்கிறவர் தலை எங்கே போகும் என்று யோசியுங்கள். ஓரத்தில் 16 அடி வையுங்கள். அகலம் 60 அடி வட்டம் சுற்றப் போதும். பலகைச் சாய்வு போக உள்ளே 60 நிற்கும்படி பாருங்கள். நீளம் மட்டும் முடிந்தால் 130க்குக் கொண்டுபோங்கள். 100 அடியில் ஒரு குதிரை ஓட்டத்தைப் பிடிப்பதற்குள் மூலை வந்துவிடும். பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், நாலு குதிரை ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும்.

சின்னச் சின்னதாய் இன்னும் சில. தென்னையிலிருந்து முப்பது அடியாவது தள்ளிக் கட்டுங்கள். மட்டை தகரத்தில் விழுகிற சத்தம் மழையைவிட மோசம். வருஷத்துக்கு இரண்டு தடவை கூரைக்கு உள்பக்கம் அண்ணாந்து பாருங்கள். மலைத்தேனீ கட்ட அது அவற்றுக்குப் பிடித்த இடம். கலைந்து குதிரைமேல் இறங்கினால் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம். எங்கள் ஊரில் மலைவாழ் மலசர் இனத்தவர் ஒருவர் வந்து இரவில் எடுத்துக் கொடுக்கிறார்.

கட்டி முடித்த அன்று கூரைக்காரர்கள் போன பிறகு காந்தம் ஒன்று வாங்கிக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுங்கள். நான் இழுத்தபோது ஒரு சின்ன வாளி நிறையத் திருகாணியும் கட்டுக்கம்பியும் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு குளம்புக்குள் போயிருக்கும். மணல் கொட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, கொட்டிய பிறகு ஒரு தடவை.

கடைசியாக மின்சாரம். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச இணைப்பிலிருந்து களத்து விளக்குக்கு ஒரு கம்பிகூட இழுக்காதீர்கள். பிள்ளைகளிடம் காசு வாங்கிச் சொல்லிக்கொடுக்கிற இடம், தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். ஊராட்சியிலும் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகே குழி தோண்டுங்கள்.

கட்டடக்காரன்_பல்லடம்:

அக்கா எழுதியதற்கு மேல் களத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. இரும்புக் கட்டடம் மட்டும் என் தொழில், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

பக்கம் திறந்த கூரை, மூடிய குடோனைவிடக் காற்றுக்கு ஆபத்தானது. காற்று அடியில் புகுந்து கூரையை மேலே தூக்கும். மேற்கை மட்டும் அடைத்து மற்றதைத் திறந்தால் அந்தத் தூக்கு கணக்கில் வர வேண்டும். உங்கள் பக்கம் காற்றாலை எதற்காக வரிசையாக நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கூரை எடை குறைவு என்பதால் அஸ்திவாரமும் சின்னதாகப் போதும் என்று குடோன்காரர் சொல்வார். இங்கே அஸ்திவாரத்தின் வேலை எடையைத் தாங்குவது மட்டும் இல்லை, கூரையைப் பிடித்துக் கீழே இழுத்து வைப்பதும்தான். காற்றுச் சுமைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் கோயம்புத்தூருக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். இந்தக் கணக்கைப் போட்டுப் பொறியாளர் கையெழுத்திட்ட தாளை வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கொட்டேஷன்களை ஒப்பிடும்போது மொத்த ரூபாயைப் பார்க்க வேண்டாம். மொத்தம் எத்தனை டன் இரும்பு, தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு பேர் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால் அது அனேகமாக இரும்பின் எடையில்தான் இருக்கும். 20 மீட்டர் அகலத்துக்கு நடுவில் தூண் இல்லாமல் போடுவது இன்றைக்குச் சாதாரண வேலை. நடுத்தூண் போட்டால் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்தது கரிசல். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். இந்த மூச்சுதான் தரையைக் கெடுக்கிறது. குறைந்தது இரண்டு அடி கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டுங்கள். தூண் குழி கரிசலைத் தாண்டிக் கெட்டி மண்ணைத் தொட வேண்டும். முடிந்த தரைமட்டம் சுற்றுநிலத்தைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். வெட்டிய கரிசலைத் தென்னைக்குப் போட்டுவிடலாம், வீணாகாது.

கூரைத் தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். 800 சதுர மீட்டர் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 8,000 லிட்டர். கூரை ஓரத்தில் நீர்க்காடி வைத்துத் தொட்டிக்கு இறக்கினால் அக்கா சொன்ன இரவுத் தண்ணீருக்கு ஒரு பகுதி அதிலேயே வரும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மணல் மேல் ஏடு கட்டும், மழைத் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. நீர்க்காடி இல்லாவிட்டால் கூரையிலிருந்து கொட்டுகிற தண்ணீரே உங்கள் அஸ்திவாரத்தைச் சுற்றிக் குழி பறித்துவிடும்.

கால்நடை_மருத்துவர்:

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கிறேன், ஏனென்றால் இதில் நான் பார்க்கிற குதிரைகள் வாய் திறந்து சொல்லாது. குதிரையால் வாய்வழியாக மூச்சுவிட முடியாது, மூக்கு மட்டும்தான். பாய்ச்சலில் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மூச்சு. அந்த வேகத்தில் அது இழுப்பதெல்லாம் தரையிலிருந்து எழும்பும் காற்று. வேலை ஆரம்பித்த முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு மூன்று தடவை இருமுவதைச் சிலர் தொண்டையைச் செருமுகிறது என்று விட்டுவிடுகிறார்கள். அது மூச்சுக்குழாய் வீங்கத் தொடங்கியதன் முதல் அடையாளமாக இருக்கலாம். வேலை முடிந்து தலையைத் தாழ்த்தும்போது மூக்கில் வெள்ளையாக வழிந்தால் என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுங்கள். கல்மாவுத் தூசி மனித நுரையீரலுக்கும் கெடுதல். நாள் முழுக்க நடுவில் நின்று சொல்லிக்கொடுக்கப் போகிறவர் நீங்கள்தான்.

லாயத்தையும் களத்தையும் ஒரே கூரைக்குள் சேர்க்க ஆசை வரும். வேண்டாம். பிள்ளைகள் சவாரி செய்கிற தூசியை மற்ற குதிரைகள் நின்றுகொண்டு சுவாசிக்கும்.

கூரை வந்த பிறகு வெயில் இல்லையே என்று மதியமும் வேலை வாங்குகிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். குதிரைக்கு வெயில் மட்டும் பகை இல்லை, புழுக்கமும்தான். ஒரு எளிய கணக்கு உண்டு. வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து ஈரப்பதச் சதவீதத்தைக் கூட்டுங்கள். 130க்குக் கீழே என்றால் வியர்வையே குளிர்வித்துவிடும். 150 தாண்டினால் வேலையைப் பாதியாக்குங்கள். 180 வந்தால் சேணமே போட வேண்டாம். 95 டிகிரியும் 60 சதவீதமும் சேர்ந்தாலே 155. இரண்டையும் காட்டும் மானி கடையில் கிடைக்கும், களத்து வாசலில் மாட்டுங்கள். கட்டட வேலை தொடங்கும் முன் நாலு குதிரைக்கும் டெட்டனஸ் ஊசி போட்ட தேதியைச் சரிபாருங்கள்.

உடுமலை_லாயம்:

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்கா, உங்கள் மகளுக்கு இப்போது முழங்கால் சரியாகிவிட்டதா? அந்தப் பகுதியைப் படித்துவிட்டு என் மனைவி இந்தத் திட்டமே வேண்டாம் என்றாள். பலகையைப் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனாள்.

நேற்று காலையில் காட்டில் கம்பியால் குத்திப் பார்த்தேன். வடக்கு ஓரத்தில் இரண்டேகால் அடியில் கெட்டி மண் தட்டுகிறது, தெற்கே மூன்றரை அடி வரை கரிசல். அதனால் களத்தை வடக்கே நகர்த்திவிட்டேன், அங்கே தென்னையும் தூரம். 20க்கு 40 உள்ளளவு என்று முடிவு. குடோன்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கையில் இருக்கிற பணத்துக்குத் தரையும் கூரையும் ஒரே வருஷத்தில் முடியாது. அந்தியூர் அண்ணன் சொன்னது போல முதலில் தரையை மட்டும் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் திறந்த களமாகவே ஓட்டினால் என்ன? கூரையை அடுத்த வருஷம் போடலாமா? தூண் குழிக்காக மறுபடி தோண்டினால் போட்ட தரை கெட்டுவிடுமே என்பதுதான் யோசனை.

கட்டடக்காரன்_பல்லடம்:

தாராளமாகச் செய்யலாம். வடிவமைப்பை மட்டும் இப்போதே முடித்து, தூண் அடித்தளங்களை இப்போதே போட்டு, திருகாணிகள் மேலே நீட்டியபடி நிறுத்திவிடுங்கள். அவற்றுக்குக் கிரீஸ் தடவி பிளாஸ்டிக் குழாய் மூடி, சுற்றிப் பலகை அடித்துவிட்டால் குதிரைக்கும் ஆபத்தில்லை. நிரவிய மண் ஒரு மழை குடித்து உட்காருவது கட்டடத்துக்கும் நல்லது. ஒன்று மட்டும்: திறந்த களமாக இருக்கும் வரைக்கும் அடித்தளத்தில் நூற்றுக்கு ஒன்று சரிவு வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நடுவில் நிற்கும். கூரை போடும்போது அதைச் சமமாக்கிக்கொள்ளலாம்.

ஆனைமலை_தோப்பு:

மகளுக்கு நன்றாகிவிட்டது தம்பி. இப்போது சாமந்தியின் குட்டியைத்தான் ஓட்டுகிறாள். குளிர்காலத்தில் மட்டும் வலி இருக்கிறது என்கிறாள்.

நீங்கள் சொல்கிற வழி எனக்குப் பிடித்திருக்கிறது. நான் அவசரப்பட்டு ஒரே கோடையில் எல்லாம் முடித்ததால்தான் மணலை வெளியே அள்ளினேன். இந்த வருஷம் அடித்தளத்தோடு நிறுத்துங்கள், மேல்மணல்கூட ஒன்றரை அங்குலம் போதும். வாரம் ஒரு தடவை பரம்பு அடித்து மணலைச் சமப்படுத்துங்கள். மாட்டுக்குக் கட்டுகிற பழைய பரம்புப் பலகையில் ஆணி வைத்து நான் இன்னும் அதைத்தான் டிராக்டரில் கட்டி இழுக்கிறேன். ஓரத்தில் குதிரைகள் ஒரே தடத்தில் போய்ப் போய் அடித்தளம் தெரிய ஆரம்பிக்கும், அங்கே மட்டும் மண்வெட்டியால் மணலைத் திரும்ப இழுத்துவிடுங்கள்.

ஐப்பசியில் பெரிய மழை பெய்து விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போங்கள். எங்கெங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கெல்லாம் ஒரு குச்சி நட்டு, போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். தை பிறந்ததும் நானே ஒரு நாள் வந்து பார்க்கிறேன்.